ஓட்டம் ஊதிய கொம்பன்

"நீ என்ன பெரிய கொம்பனா?" என்று யாரிடமாவது கேட்டால் சண்டைதான் வரும். அந்தப் படை முகாமில் ஒருவனிடம் மட்டும் கேட்டால், "ஆமா, என்ன விஷயம்?" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிற குமாஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவன் கொம்பன். கொம்பு ஊதுகிறவன் கொம்பன், அவ்வளவுதான். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் எது கம்பம், எது கொம்பன் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு ஒல்லி.

அவன் படையில் சேர்ந்த புதிதில், புதியவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு தடவை பியூகிள் என்கிற கொம்பை ஊதச் சொன்னார்கள். ஒருவன் ஊதினால் கன்றுக்குட்டி கத்தியது, இன்னொருவன் ஊதினால் கதவு கிறீச்சிட்டது, வேறொருவன் முகம் சிவக்க ஊதியும் வெறும் காற்றுதான் வந்தது. இவன் ஊதியபோது கணீரென்று ஒரு சுரம் கிளம்பி மைதானத்தைத் தாண்டிப் போனது. அன்றிலிருந்து துப்பாக்கியைவிடப் பித்தளைதான் அவன் தோளில் அதிக நேரம் தொங்கியது. செய்தி கேட்டு அவன் அம்மா, "சின்ன வயசுல பாலை ஊதி ஊதிக் குடிப்பான். அது வீண் போகலை" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

பியூகிள் பார்க்க எளிய சாமான். ஒரு பித்தளைக் குழாய், இரண்டு சுற்று. ஒரு முனையில் வாய் வைக்கச் சின்னக் கிண்ணம், மறு முனை பூ மாதிரி விரிந்திருக்கும். அழுத்தப் பொத்தான் கிடையாது, மூடித் திறக்கத் துளை கிடையாது, விரலுக்கு வேலையே இல்லை. எல்லாம் உதட்டில் இருக்கிறது. உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தலைகீழாக நின்றாலும் உருப்படியாக வருவது ஐந்தே சுரங்கள். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு முகாமையே எழுப்ப வேண்டும், தின்ன வைக்க வேண்டும், வரிசையில் நிறுத்த வேண்டும், விளக்கை அணைத்துத் தூங்க வைக்க வேண்டும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு மெட்டு. மெட்டு இருந்தால் சிப்பாய்கள் சும்மா இருப்பார்களா? வார்த்தை கட்டிவிட்டார்கள். காலையில் எழுப்புகிற அழைப்புக்கு, "எந்திரி எந்திரி ஏண்டா தூக்கம், கனவுல தின்னது கணக்குல இல்ல!" சாப்பாட்டு அழைப்புக்கு, "ஓடியா ஓடியா இருக்குது உப்பு, நேத்து மிஞ்சினது இன்னைக்கு சூப்பு!" தண்டனை பெற்றவர்களைக் காவல் அறைக்குக் கூப்பிடுகிற அழைப்புக்கு, "வாடா ராசா வா வா வா, உன்னை யாரு செய்யச் சொன்னா?" அதற்கு மட்டும் தண்டனை பெறாதவர்கள்தான் சத்தமாகப் பாடுவார்கள்.

வார்த்தை இல்லாத அழைப்பும் ஒன்று உண்டு. படைவீரர் ஒருவரை அடக்கம் செய்யும்போது பியூகிள்காரன் கூட்டத்தோடு நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தடியில் தனியாக நிற்பான். எல்லோரும் தலை குனிந்த பிறகு அவன் நிமிர்ந்து ஊத வேண்டும். கொம்பன் அதை ஊதிய நாள்களில் மாலை வரை யாரிடமும் பேச மாட்டான். யாரும் அவனைச் சீண்டவும் மாட்டார்கள். மறுநாள் காலையில் "எந்திரி எந்திரி" வழக்கத்தைவிடக் கொஞ்சம் குதித்துக்கொண்டு கேட்கும். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

முகாமின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே ஒரு இஸ்திரிக் கடை இருந்தது. கடை ஒரு அறைதான். ஒரு நீள மேசை, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் சீருடை. கடைக்காரர் அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் மிச்சம் பிடித்ததை எல்லாம் அவர் மகள் பேசித் தீர்த்தாள். பிறந்ததிலிருந்து பியூகிள் கேட்டு வளர்ந்தவள் அவள். கொம்பன் முதல் தடவை துணி கொடுக்கப் போனபோதே பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் புதுசா ஊதுறவரா? நேத்து விளக்கணைக்கிற அழைப்புல கடைசி சுரம் தூங்கி விழுந்துச்சே, என்ன கவலை?"

"கவலை ஒண்ணும் இல்லைங்க. கொட்டாவி வந்துடுச்சு."

"உங்க கொட்டாவியை ஊருக்கே ஊதிக் காட்டணுமா? எங்க வீட்டுல கடிகாரம் கிடையாது. உங்க வாய்தான் கடிகாரம். பார்த்து ஊதுங்க."

அதற்குப் பிறகு கொம்பனின் சட்டைகள் அடிக்கடி கசங்க ஆரம்பித்தன. ஒரு வருஷம் கசங்கின. ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, கொம்பன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கேட்டுவிட்டான். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவசரத் துணியா, சாதாரணத் துணியா?"

"என்னது?"

"அவசரம்னா இப்பவே பதில் சொல்லணும். இரட்டைக் கூலி. சாதாரணம்னா நிதானமாத்தான் கொடுப்பேன்."

"சாதாரணமே போதும்" என்றான் கொம்பன். ஐந்து சுரத்துக்கு மேல் அவனுக்கு அன்று எதுவும் வரவில்லை.

நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். தினமும் போவான், துணி வாங்குவான், வருவான். பதில் மட்டும் வராது. இப்படியே நாள் போய், கொடி வழங்கும் விழா வந்தது. படையணிக்குப் புதுக் கொடி. அதைக் கொடுப்பதற்கு ஓய்வு பெற்ற ஒரு ஜெனரல் வருகிறார், வயதானவர். அவர் உட்கார்ந்திருக்க, அவருக்கு முன்னால் முழுப் படையணியும் மெதுநடையில் போக வேண்டும். ஒரு காலைத் தூக்கி, காற்றில் நிறுத்தி, யோசித்துவிட்டு வைக்கிற மாதிரி நடை. பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நடக்கிறவர்களுக்குத் தொடை வலிக்கும்.

விழாவன்று காலையில் சீருடை வாங்கக் கொம்பன் கடைக்கு ஓடினான். அவள் மடிப்புக் கலையாமல் நீட்டினாள்.

"உங்க துணி தயார்."

"எது?" என்றான் கொம்பன், எதையோ கேட்க வேண்டுமே என்று.

"ரெண்டும்தான்."

அவனுக்குப் புரிய வாசல் தாண்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் கால் தரையில் நிற்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பியூகிள் மொழியில் 'ஓட்டம்' என்று ஒரு வால் உண்டு. எந்த அழைப்பின் கடைசியிலும் அதை ஒட்டலாம். டடட டடட டடட என்று நாக்கைத் தட்டி ஊதுகிற சின்ன வால். 'வரிசையில் நில்' என்று ஊதி வாலை ஒட்டினால், ஓடிப் போய் வரிசையில் நில். 'முன்னே போ' என்று ஊதி வாலை ஒட்டினால், முன்னே ஓடு. காலைப் பயிற்சியில் தினமும் அந்த வாலை ஒட்டி ஒட்டி ஊதுகிற நாக்கு அது.

ஜெனரல் வந்தார், உட்கார்ந்தார். கொடி கைமாறியது. மைதானத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். கர்னல் லேசாகத் தலையசைத்தார். கொம்பன் 'முன்னே போ' என்று ஊதினான். அவ்வளவு அழகாக அவன் அதுவரை ஊதியதில்லை. கடைசிச் சுரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு நிற்கவில்லை. உள்ளே இருந்த சந்தோஷம் நாக்கில் ஏறி, டடட டடட டடட என்று துள்ளிக் குதித்து வெளியே வந்துவிட்டது.

படையில் ஒருவருக்கும் சந்தேகம் கேட்கிற பழக்கம் கிடையாது. பியூகிள் சொன்னால் சொன்னதுதான். முழுப் படையணியும் ஓடியது. புதுக் கொடி ஓடியது. வாத்தியக் குழு ஓடியது. பெரிய முரசு கட்டியிருந்த ஆள் முரசுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே, தாளமும் தட்டிக்கொண்டே ஓடினான். அரை மணி நேரம் நடக்க வேண்டிய அணிவகுப்பு, ஜெனரல் எழுந்து சல்யூட் வைத்து, கையை இறக்குவதற்குள் முடிந்துபோனது. மைதானத்தில் புழுதி மட்டும் நின்றது.

ஜெனரல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதியா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. "நல்ல சுறுசுறுப்பான பசங்க" என்றார். கர்னல் மீசை மட்டும் துடித்தது.

கூத்து மைதானத்தோடு நிற்கவில்லை. சமையலறையில் அதிகாரிகளின் விருந்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த சமையல்காரர் ஓட்டத்தைக் கேட்டார். அவரும் படைவீரர்தானே? நல்ல கனமான மனிதர். கரண்டியும் கையுமாகப் பாதி மைதானம் வரை ஓடி வந்துவிட்டார். திரும்பிப் போனபோது பால் கருகி, அடுப்பு அணைந்து, விருந்து விருந்தாக இல்லை.

கொம்பனையும் சமையல்காரரையும் கர்னல் முன்னால் நிறுத்தினார்கள்.

"ஏன் ஓட்டம் ஊதினே?" என்றார் கர்னல்.

"சந்தோஷத்துல வந்துடுச்சு, சார்."

"என்ன சந்தோஷம்?"

கொம்பன் சொன்னான். கர்னல் ஜன்னல் வழியாக எதிர்க் கடையைப் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார். "சந்தோஷப்பட்டதுக்குத் தண்டனை கிடையாது. ஓட வச்சதுக்கும், பாலை விட்டுட்டு ஓடினதுக்கும்தான். ரெண்டு பேருக்கும் ரெண்டு வாரம்."

தண்டனை என்றால் அடி உதை ஒன்றும் இல்லை. முகாமை விட்டு வெளியே போகக் கூடாது. வேலை நேரம் போக, 'வாடா ராசா' அழைப்பு எப்போது கேட்டாலும், எங்கே எந்தக் கோலத்தில் இருந்தாலும், முழுச் சீருடையில் காவல் அறை முன்னால் வந்து நிற்க வேண்டும். அழைப்பின் கடைசிச் சுரம் ஓய்வதற்குள் நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை தாமதமானாலும் ரெண்டு வாரமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அன்று மாலை இஸ்திரிக்காரர் வாசலுக்கு வந்தார். கொம்பன் வெளியே போகக் கூடாது, அவர் உள்ளே வரக் கூடாது. இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"மாப்பிள்ளை பார்க்க வந்தேன்" என்றார் அவர். "ஜெயில்ல பார்க்கிற மாதிரி இருக்கு."

"ரெண்டு வாரம்தாங்க ஐயா."

"பொண்ணு உங்களைத்தான்னு சொல்லிட்டா. எனக்குத் துணியைப் பத்தித்தான் தெரியும், தம்பி. சொன்ன நேரத்துக்குத் துணி கொடுக்கலைன்னா அது கடையே இல்லை. ஆளும் எனக்கு அப்படித்தான். நீங்களோ நடக்க வேண்டிய நேரத்துல ஓட வைக்கிறீங்க. நிக்க வேண்டிய நேரத்துல எங்க இருப்பீங்களோ? ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை, பதிவாளர் அலுவலகத்துல கல்யாணத்துக்குக் கேட்டு வைக்கிறேன். மதியம் மூடிடுவாங்க. அதுக்குள்ள நீங்க வந்து நிக்கணும். நிக்கலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடலாம்."

அந்தச் சனிக்கிழமைதான் தண்டனையின் கடைசி நாள். முன்பகலில் ஒரு கடைசி அழைப்பு. அது முடிந்தால் விடுதலை. ஒரு தடவைகூடத் தாமதம் ஆகக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியது. ஆனால் கொம்பனுக்கு அதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. தண்டனைக்காரர்களைக் கூப்பிடுகிற அழைப்பை ஊத வேண்டியவன் யார்? அவனேதான். ஊத வேண்டிய இடம் கொடிக்கம்ப மேடை. போய் நிற்க வேண்டிய இடம் மைதானத்தின் அந்தக் கோடியில், வாசலை ஒட்டிய காவல் அறை. கடைசிச் சுரத்தை ஊதிக்கொண்டிருக்கிறவன் கடைசிச் சுரம் ஓய்வதற்குள் எப்படி அங்கே போய் நிற்பான்?

காவல் அறை சார்ஜென்டிடம் போய்க் கேட்டான். அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். முகத்தில் எதுவும் திறக்காது.

"சார், நான் ஒருத்தன்தானே? ரெண்டு இடத்துல எப்படி நிக்கிறது?"

பூட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "நீ ஊதி முடிச்சதும் ஒரு குச்சி கிழிப்பேன். அது அணையறதுக்குள்ள இங்க நிக்கணும். அணைஞ்ச அப்புறம் வந்தா நீ வரலைன்னு அர்த்தம்."

அப்படித் தொடங்கியது அந்த இரண்டு வார ஓட்டம். கொம்பன் ஊதுவான், பியூகிளைக் கக்கத்தில் இடுக்குவான், பறப்பான். தீக்குச்சி பூட்டின் விரலைச் சுடுகிற நேரத்துக்கு வந்து நிற்பான். எதிர்க் கடையில் இஸ்திரிப் பெட்டி நின்றுவிடும்.

"இன்னைக்கு வேகம் பத்தலை!" என்று கத்துவாள் அவள். "பின்னாடி நாயை விடட்டுமா?"

பேசக் கூடாது என்பதால் கொம்பன் மூக்கால் சிரிப்பான்.

சமையல்காரர் நிலைமை இன்னும் மோசம். அவருக்குத் தீக்குச்சிச் சலுகையும் கிடையாது. சமையலறையிலிருந்து அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, கடைசிச் சுரத்துக்குள் வந்து சேர வேண்டும். "உன்னாலதாண்டா எனக்கு இந்த ஓட்டம்" என்று முதல் நாள் கொம்பனைத் திட்டித் தீர்த்தார். "பால் காய்ச்சுற மனுஷனை ஓட வச்சிட்டியே. உனக்குக் கல்யாண ஆசை வந்தா என் பால் ஏண்டா கருகணும்?"

கொம்பனுக்குப் பாவமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு வேலை செய்தான். கடைசிச் சுரத்தை விடாமல் இழுத்தான். கண்ணை ஓரமாகத் திருப்பி, சமையல்காரர் காவல் அறைப் படியை நெருங்குகிற வரைக்கும் மூச்சைப் பிடித்து இழுத்தான். எவ்வளவு நீளமாக ஊதலாம் என்று எங்கேயும் விதி இல்லை. பூட்டுக்குப் புரிந்தது. ஆனால் பூட்டு திறக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கொம்பன் முதலில் பார்த்தது கொடியைத்தான். சும்மா தொங்க வேண்டிய கொடி, பலகை மாதிரி விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. காற்று. மரக்கிளை முறிகிற காற்று. போகப் போக அது கூடியதே தவிரக் குறையவில்லை. கொம்பன் காவல் அறைக்கு ஓடினான்.

"சார், காத்து அடிக்குது."

"தெரியுது."

"தீக்குச்சி கிழிச்சதும் அணைஞ்சிடுமே, சார்."

"அணையும்."

"கையால கொஞ்சம் மறைச்சுக்கக் கூடாதா, சார்?"

"என் கை என்ன கண்ணாடிக் கூண்டா?" என்றார் பூட்டு. "குச்சின்னு பேசினோம். குச்சிதான்."

"இன்னைக்கு எனக்குக் கல்யாணம், சார்."

பூட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ வேகமா ஓடு."

எவ்வளவு வேகமாக ஓடினாலும் காற்றைவிட வேகமாக ஓட முடியுமா? கொம்பன் மேடைக்குத் திரும்பி நடந்தான். தண்டனை முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்றைக்கு வாசல் தாண்ட முடியாது. பதிவாளர் அலுவலகத்தில் இஸ்திரிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், மூடுகிற நேரம் வரும், மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். பேச்சு முடிந்துவிடும். எதிர்க் கடையில் அப்பாவும் மகளும் அலுவலகத்துக்குக் கிளம்பத் தயாராக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கடைசி நேரத்திலும் அவர் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. கடைசிச் சுரம் ஓய்வதற்குள் நிற்க வேண்டும் என்றுதானே விதி? கடைசிச் சுரம் யார் கையில் இருக்கிறது? அவன் வாயில் அல்லவா இருக்கிறது? அந்தச் சுரம் காவல் அறைப் படியில் போய் முடிந்தால் தீக்குச்சி எதற்கு?

மேடையில் நின்றுதான் ஊத வேண்டும் என்பது வழக்கம். ஆனால் மேடையிலேயே முடிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

கர்னல் அறைக் கடிகாரம் அடித்தது. கொம்பன் பியூகிளை உயர்த்தினான். "வாடா ராசா" என்று மேடையில் நின்று ஊதினான். "வா வா வா" என்றபோது மேடையை விட்டுக் குதித்தான்.

பியூகிளை ஊதிக்கொண்டே ஓடுவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு குலுங்கும், கை குலுங்கும், வாய்க் கிண்ணம் உதட்டை விட்டு நழுவும். கொம்பன் இரண்டு கையாலும் அதை முகத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டான். தலையை ஆட்டாமல், முழங்காலை மட்டும் மடக்கி மடக்கி, தளும்பும் குடத்தைச் சுமந்துபோகிறவள் மாதிரி ஓடினான். சுரம் உடைந்து உடைந்து வந்தது. "உ-ன்-னை யா-ரு செ-ய்-ய-ச் சொ-ன்-னா-ஆ-ஆ-ஆ" என்று கடைசிச் சுரத்தைப் பிடித்தவன் விடவில்லை. காற்று அதைத் தூக்கி முகாம் முழுக்க வீசியது. சமையலறையைத் தாண்டும்போது சமையல்காரர் தட்டுத் தடுமாறி வெளியே வந்து, "அடப்பாவி, ஊர்வலமே போறியா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

எதிர்க் கடையில் அவள் மேசைமேல் ஏறி நின்றாள். "விடாதீங்க! மூச்சை விடாதீங்க!" அவள் அப்பா வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருகியது. நல்லவேளை, அது அவருடைய சொந்தச் சட்டை.

கொம்பன் படியை அடைந்தான். நின்றான். குதிகாலைச் சேர்த்தான். சுரம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே அவன் நிறுத்தியிருக்கலாம். விதிப்படி அவன் வந்தாயிற்று, விடுதலை. ஆனால் சமையல்காரர் இன்னும் வந்து சேரவில்லை. கொம்பன் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, இல்லாத மூச்சை எங்கிருந்தோ சுரண்டி எடுத்து இழுத்தான். சமையல்காரர் வந்தார். வந்தவர் நிற்கவில்லை. பிரேக் இல்லாத லாரி மாதிரி வந்து கொம்பன் முதுகில் மோதினார். பியூகிள் உதட்டில் இடித்தது. கடைசிச் சுரம் "கீக்" என்று முடிந்தது.

பூட்டின் கையில் தீக்குச்சி கிழிக்காமலே இருந்தது. அவர் இரண்டு பேரையும் பார்த்தார். குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றார்.

கர்னல் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். "என்ன அது? கொம்புக்கு விக்கலா?"

"இல்லை சார்" என்றார் பூட்டு. "கொம்பனுக்குக் கல்யாணம்." அப்போது பூட்டு சிரித்ததாகச் சமையல்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். வேறு யாரும் பார்க்கவில்லை.

கர்னல் அவன் கையிலிருந்த பியூகிளைப் பார்த்தார். பிறகு, "ஓடிக்கிட்டே கடைசி வரைக்கும் ஊதினியா?" என்று கேட்டு, விடுப்புச் சீட்டில் அங்கேயே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷ விளையாட்டு விழாவிலிருந்து ஓடிக்கொண்டே ஊதுவது அந்தப் படையணியின் தனி மரியாதை ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். அன்று கொம்பனுக்கு அது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உதடு. மேலுதடு பன் ரொட்டி மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது.

"உன்னால என் பால் கருகுச்சு. என்னால உன் உதடு வீங்குச்சு. நமக்குள்ள தீர்ந்துடுச்சுடா, தம்பி" என்றார் சமையல்காரர். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவரும் கூடவே கிளம்பினார்.

பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மின்விசிறி, ஒரு மேசை, கோப்பு அடுக்கிய அலமாரிகள். பதிவாளர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மனிதர். இவர்கள் நுழைந்தபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மறுபடி திறந்தார். இஸ்திரிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கொம்பனைப் பார்த்தார். கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். உள்ளே இருந்தது கருகிய சட்டை.

"மணமகன் வாய்விட்டுச் சொல்லணும்" என்றார் பதிவாளர். "இந்தத் திருமணத்துக்குச் சம்மதமா?"

கொம்பன் வாயைத் திறந்தான். "சன்னதன்."

"யாரு சன்னதன்? மாப்பிள்ளை பேர் வேறயா இருக்கே?"

கொம்பன் மறுபடி முயன்றான். வீங்கிய உதடு கீழுதட்டைத் தொட மறுத்தது. உதடு ஒட்டாமல் 'ம்' எங்கிருந்து வரும்? "சன்னதன்" என்றான் இன்னும் உரக்க.

"தலையை ஆட்டினாப் போதாதா?" என்றார் சமையல்காரர்.

"தலையை ஆட்டினா செல்லாது. சொல்லு வேணும். மூடுற நேரமாச்சு, தெளிவாச் சொல்லுங்க."

"'ஒப்புக்கிறேன்'னு சொல்லுடா!"

"ஒக்குக்கிறேன்" என்றான் கொம்பன் பரிதாபமாக.

இஸ்திரிக்காரர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கொம்பன் நெற்றியில் வேர்த்தது. மைதானத்தையே தாண்டி வந்தவனுக்கு ஒரு 'ம்'மைத் தாண்ட முடியவில்லை.

அவள் மேசைமேல் குனிந்தாள். "சார், அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லணுமா?"

"சட்டத்துல இருக்கிறதைச் சொல்லலாம். சட்டத்துல 'இசைவு'ன்னு போட்டிருக்கு. நாங்கதான் புரியட்டும்னு சம்மதம்னு கேக்கிறோம்."

அவள் சத்தம் வராமல் வாயை அசைத்துப் பார்த்தாள். ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சோதித்தாள். அவள் முகம் மலர்ந்தது. கொம்பன் பக்கம் திரும்பினாள்.

"'இசைகிறேன்'னு சொல்லுங்க. உதடு எங்கேயும் ஒட்டாது."

கொம்பன் நிமிர்ந்து நின்றான். "இசைகிறேன்" என்றான். கணீரென்று வந்தது.

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அருமையான சொல். இதுவரைக்கும் இங்க யாரும் சொன்னதில்லை" என்று எழுதிக்கொண்டார்.

"ஊதுறவர் வாயிலிருந்து வேற என்ன சொல் வரும்?" என்றார் இஸ்திரிக்காரர். "நேரத்துக்கு வந்துட்டீங்க, மாப்பிள்ளை." இரண்டு வாரத்தில் அவர் முதல் தடவையாகத் 'தம்பி'யை விட்டார்.

பதிவாளர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கேள்வி முடியும்வரை காத்திருக்கவில்லை. "சம்மதம்" என்றாள், ஒவ்வொரு 'ம்'மிலும் உதட்டை நன்றாக அழுத்தி, அவனுக்கும் சேர்த்து.